எலி பிடிக்கும் குட்டை நாய்: ஜாக் ரஸ்ஸல் டெரியரின் குணமும் வளர்ப்பு முறையும்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது பழமொழி. காவிரியின் கடைமடையான காரைக்கால் வட்டாரத்தில் எலிகளுக்குத் தனி வளைக்குப் பஞ்சமே இல்லை. வரப்பில் ஒரு வளை, வைக்கோற்போரின் அடியில் ஒரு வளை, மாட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு வளை என்று எங்கும் குடியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நிறைந்ததும் அவை மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் வருகின்றன. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் நெல் மூட்டையைத் தேடி மறுபடியும் வருகின்றன.

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெரு போன்ற இடங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரு பக்கம் வயல், மறு பக்கம் நெருக்கமான வீடுகள். ஐந்து மா நிலமும் இரண்டு கறவை மாடும் நாலைந்து கோழியும் வைத்திருக்கும் குடும்பம் எலி மருந்து வைத்தால் கோழியைப் பற்றிய பயம். பூனை வளர்த்தால் அது பெருச்சாளியைக் கண்டு ஒதுங்கிவிடுகிறது. இந்த நிலையில், எலி பிடிப்பதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட சிறிய நாய் இனமான டெரியரைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். இந்த நாய் எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது, வளர்ப்பதானால் எதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்து கொண்டு குட்டி வாங்குவதே நல்லது. தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், நாயும் போகும்.

பெயரும் பூர்வீகமும்

டெரியர் என்ற பெயரின் மூலம் காரைக்கால் மக்களுக்கு அந்நியமானதல்ல. 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1ந் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த ஊர் இது. பிரெஞ்சு மொழியில் 'தேர்' என்றால் மண். 'தெரியே' என்றால் விலங்கு மண்ணில் தோண்டும் வளை. வளையில் பதுங்கிய பிராணியைத் தேடிப் போகும் நாய் என்ற பொருளில் வந்த பெயரையே ஆங்கிலேயர் டெரியர் என்று வழங்கினர்.

டெரியர் என்பது ஒரே இனம் அன்று. பல இனங்கள் அடங்கிய ஒரு கூட்டம். அவற்றுள் ஜாக் ரஸ்ஸல் டெரியர் சிறியது, மிகச் சுறுசுறுப்பானது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல் (1795-1883) என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்ல வடிவம். அவர் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, 1819ல், ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார் என்றும், அதிலிருந்தே இந்த வம்சம் தொடங்கியது என்றும் சொல்லப்படுகிறது. நரி வளைக்குள் புகுந்து, நரியைக் கொல்லாமல் வெளியே விரட்டுவதே அந்த நாய்களின் வேலை. நரி என்று எண்ணி வேட்டைக்காரர் நாயையே அடித்துவிடக் கூடாது என்பதற்காக உடல் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும்படி தேர்ந்து வளர்த்தார்கள்.

பின்னர் ஆஸ்திரேலியாவில் இந்த நாய்களில் குட்டையானவற்றைத் தனியே பேணி இனத்தைச் சீராக்கினார்கள். இங்கிலாந்தின் கென்னல் கிளப் 2016ல்தான் இதைத் தனி இனமாக ஏற்றது. கால் நீண்ட வகை பார்சன் ரஸ்ஸல் டெரியர் எனப்படுகிறது. அது வேறு இனம்.

டெரியர் என்றதும் சிலருக்குப் பிட்புல் நினைவுக்கு வந்து பயம் ஏற்படுகிறது. பிட்புல் பெருத்த தாடையும் கனத்த உடலும் கொண்ட வேறு இனம். பெயரில் டெரியர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

உருவ அமைப்பு

தரையிலிருந்து தோள் வரை உயரம் 25 முதல் 30 செ.மீ., அதாவது ஒரு அடிக்கு மேல் போகாது. எடை 5 முதல் 6 கிலோ. 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. உடல் நீளம் உயரத்தைவிடச் சற்று அதிகம். மார்பு குறுகியது, முன்னங்கால்களுக்குப் பின்னே இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் பிடிக்குள் அடங்க வேண்டும். வளைக்குள் போகும் நாய்க்கு மார்பு அகன்றால் உள்ளே சிக்கிக் கொள்ளும் என்பதே காரணம்.

நிறத்தில் வெள்ளை மேலோங்கி, முகத்திலும் காதிலும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகள் இருக்கும். காது முன்பக்கம் மடிந்து தொங்கும். வேலை செய்யும்போது வால் நிமிர்ந்து நிற்கும். ரோமத்தில் வழவழப்பானது, முரடானது, இரண்டும் கலந்தது என மூன்று வகை உண்டு. வெக்கையும் ஈரமும் சேர்ந்த கடலோரத்துக்கு வழவழப்பான குட்டை ரோமம் உள்ளதே ஏற்றது. உண்ணி பிடித்தாலும் உடனே கண்ணில் படும். நனைந்தாலும் சீக்கிரம் உலரும்.

நல்ல பராமரிப்பில் 13 முதல் 16 ஆண்டுகள் வாழும். இன்று வாங்கும் குட்டி, இப்போது முதல் வகுப்பில் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை வீட்டில் இருக்கும் என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

குணம்

இந்த நாயின் நல்ல குணமும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. அசையும் எதையும் துரத்த வேண்டும், மண்ணில் வாடை வந்தால் தோண்ட வேண்டும், சத்தம் கேட்டால் குரைக்க வேண்டும் என்பது அதன் பிறவிக் குணம். எலியைப் பிடரியில் கவ்வி, இருமுறை உலுக்கிக் கொன்றுவிட்டு, அடுத்ததைத் தேடிப் போகும். பூனை போல ஒன்றை வைத்துக் கொண்டு விளையாடுவதில்லை. உருவத்தைப் பார்த்துப் பயப்படாது. தன்னைவிடப் பெரிய நாயிடமும் சண்டைக்குப் போகும்.

வேலை இல்லாமல் சங்கிலியில் கட்டிப் போட்டால் ஓயாமல் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், கொல்லையைத் தோண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் வேலையும் கொடுக்க முடியாத குடும்பம் இந்த நாயை வாங்காமல் இருப்பதே நல்லது.

கோழி வளர்ப்போர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் இது வித்தியாசம் பார்க்காது. குட்டியிலிருந்தே கோழிகளோடு பழக்கினால் பெரிய கோழிகளை விட்டுவிடும். என்றாலும் குஞ்சுகளோடும் முயலோடும் தனியே விடக் கூடாது. தவழும் குழந்தையோடும் எந்த நாயையும் தனியே விடலாகாது.

எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது

இங்கிலாந்தில் நரி வளை பெரியது. நாய் உள்ளே புகும். நம் வயலில் எலி வளையின் வாய் நாலு விரற்கடை அகலமே இருக்கும். ஆகவே நாய் உள்ளே போகாது, தோண்டத்தான் செய்யும். வரப்பில் உள்ள வளையைத் தோண்ட விட்டால் எலி போவதற்கு முன் வரப்பு போய்விடும். பயிர் நிற்கும்போது நாயை வரப்பில் விட்டால் நீர் கசியும், பயிரும் மிதிபடும். எனவே நெற்பயிர் நிற்கும் வயலில் எலி ஒழிப்புக்கு இந்த நாயை நம்பக் கூடாது.

அங்கு வேறு முறைகள் உண்டு. வரப்பைச் சிறிதாக வைத்துப் புல் மண்டாமல் செதுக்குதல், பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நடவு செய்தல், மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டிகளை வைத்தல், ஆந்தை வந்து உட்காரக் குறுக்குச் சட்டம் வைத்த கழிகளை நடுதல் ஆகியவற்றைப் பயிர் பொதி கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. கிட்டி வைத்திருக்கும் நாட்களில் நாயை வயலுக்கு அழைத்துப் போகக் கூடாது. மூக்கோ காலோ அதில் அகப்பட்டுக் கொள்ளும்.

டெரியரின் இடம் வீட்டு வளவுதான். வைக்கோற்போர் பிரிக்கும் நாள், விறகு அடுக்கை மாற்றும் நாள், கொட்டகையில் பழைய செங்கல்லையும் மட்டையையும் அகற்றும் நாள், நெல் மூட்டைகளை இடம் மாற்றும் நாள் ஆகியவற்றில் இந்த நாய் பக்கத்தில் இருந்தால் வெளியே பாயும் எலிகளைத் தப்ப விடாது. அடுக்கின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்து, நாயை அந்தப் பக்கம் நிறுத்தி, மறு பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்து வர வேண்டும். மற்ற நாட்களிலும் நாயின் வாடையும் நடமாட்டமும் உள்ள இடத்தில் எலி துணிந்து திரிவதில்லை.

பெருச்சாளி ஒரு கிலோவுக்கு மேலும் வளரும். அது திருப்பிக் கடிக்கும். வேலை முடிந்ததும் நாயின் முகம், உதடு, காது, பாதம் ஆகியவற்றைப் பார்த்து, கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மருந்திட வேண்டும். அப்போது கையில் ரப்பர் உறை அணிவது நல்லது.

கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, ஆந்தை ஆகியவை எலியைத் தின்று விவசாயிக்கு உதவுபவை; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. அவற்றை நாய் துரத்த விடலாகாது.

விஷமும் நாயும் ஒரே வளவில் கூடாது

எலி பிடிக்கும் நாய்க்கு எலியைவிடப் பெரிய ஆபத்து எலி விஷம். நாய் வளர்ப்பதென்று முடிவு செய்தால் வீட்டிலும் கொட்டகையிலும் விஷ உணவு வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். 'நாய்க்கு எட்டாத இடத்தில்தான் வைத்தேன்' என்று சொல்வது பயன்படாது. விஷம் தின்ற எலி நாய்க்கு எட்டும் இடத்துக்குத் தானே வந்து சாகும்.

துத்தநாகப் பாஸ்பைடு என்ற கருஞ்சாம்பல் நிறத் தூள் வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறுகிறது. விஷ உணவைத் தின்ற நாய்க்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மூச்சுத் திணறல், வலிப்பு வரும். அந்த நேரத்தில் பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் அதிகம் சுரந்து விஷம் மேலும் வேகமாக ஏறும். ஆகவே எதையும் ஊட்டாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நாயின் வாந்தியிலிருந்தும் அந்த வாயு வரும். பூட்டிய அறையில் வைத்துக் கொண்டு குனிந்து பார்க்கக் கூடாது.

புரோமடையலோன் என்ற கட்டி மருந்து வேறு விதமானது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், மூக்கில் இரத்தம் வரும், சாணம் கறுத்துப் போகும், மூச்சு வாங்கும். மருந்து தின்ற எலிகளைத் தொடர்ந்து தின்றாலும் இந்த நிலை வரலாம். இதற்கு வைட்டமின் கே-1 என்ற மாற்று மருந்து உண்டு. மருத்துவர் சொல்லும் நாள் வரை, சில வாரங்களாவது, விடாமல் கொடுத்தால் பிழைக்கும். நாய் தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் மறுபடியும் இரத்தம் கசியும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை செய்ய முடியும். மருந்துப் பொட்டலத்தின் உறையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அண்டை வீட்டார் அல்லது பக்கத்து வயல்காரர் மருந்து வைக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். வைத்திருந்தால் பத்துப் பதினைந்து நாளாவது நாயைக் கட்டிப் பிடித்தே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். வாயு வெளிவிடும் மாத்திரை போட்டு மூடிய வளையின் பக்கம் நாயை விடவே கூடாது.

குட்டி தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளில் உள்ளது. தாயை நேரில் பார்த்தே குட்டி வாங்க வேண்டும். தாய் எரிந்து விழுவதாக இருந்தால் குட்டியும் அப்படியே வர வாய்ப்புண்டு. கலப்புக் குட்டியை அசல் இனம் என்று விற்பவர் உண்டு. அசல் என்று சொல்லி விலை கேட்டால், சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றையும் மைக்ரோசிப் எண்ணையும் காட்டச் சொல்ல வேண்டும்.

குட்டியின் கண் தெளிவாகவும், மூக்கு ஈரமாகவும், வயிறு உப்பாமலும் இருக்க வேண்டும். வெள்ளை நிறம் மிகுந்த குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டி பார்க்காத பக்கத்தில் நின்று கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முழங்கால் சில்லு நழுவுவதும், கண்ணின் வில்லை இடம் பெயர்வதும் இந்த இனத்தில் பரம்பரையாக வரக்கூடிய குறைகள். ஓடும்போது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் குட்டியைத் தவிர்க்க வேண்டும். வளர்ந்த நாயின் கண் திடீரெனச் சிவந்து மங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவு

இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளையும், பிறகு இரண்டு வேளையும் கொடுத்தால் போதும். வளர்ந்த 6 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு பிடி வெந்த சோறு, ஒரு வேக வைத்த முட்டை, முள் நீக்கி வேக வைத்த மீன் அல்லது கோழிக் கறி 50 முதல் 75 கிராம், ஒரு கரண்டி வேக வைத்த காரட் அல்லது பூசணி என்ற அளவு ஏறக்குறையச் சரியாக இருக்கும். எலி வேலை செய்த நாளில் சற்றுக் கூட்டலாம். மழையில் அடைந்து கிடக்கும் நாளில் குறைக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்திக் கொண்டு தெரியக் கூடாது. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்த உணவில் சுண்ணாம்புச் சத்து போதாது. மருத்துவரைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

மிஞ்சிய குழம்புச் சோற்றை ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. ஐந்து கிலோ நாய்க்குச் சிறிதளவே தீங்கு செய்யும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவையும் ஆகாது. வெந்த கோழி எலும்பும் பெரிய மீன் முள்ளும் குடலைக் குத்தும். காரைக்காலில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் கொடுக்க வேண்டாம்.

இருப்பிடமும் வெயில் மழையும்

தரையோடு தரையாக நடக்கும் நாய் என்பதால் சித்திரை, வைகாசியில் சூடேறிய தார்ச்சாலையும் களமும் இதை வெகுவாக வாட்டும். வேலையும் ஓட்டமும் காலை ஏழு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகுதான். புறங்கையைத் தரையில் சற்று நேரம் வைத்துப் பார்த்து, கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கீற்று வேய்ந்த நிழலும் எப்போதும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சு இரைத்து, தள்ளாடினால் வெயில் தாக்கியது என்று அறிந்து, உடலில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக் கொண்டே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

மழைக் காலத்தில் படுக்கும் இடம் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையாக இருத்தல் நலம். மடிந்த காதுக்குள் ஈரம் தங்கிப் புண் வரும். வாரம் ஒருமுறை காதை விரித்துப் பார்த்துத் துடைக்க வேண்டும். மாதம் ஒரு குளிப்பாட்டல் போதும்.

பழக்குதல்

வந்த நாளிலிருந்தே பெயர் சொன்னால் வரவும், 'விடு' என்றால் வாயில் உள்ளதைப் போடவும் பழக்க வேண்டும். இந்த இரண்டும் மற்ற எல்லாப் பழக்கத்தையும்விட முக்கியம். செத்த எலியை வாயில் கவ்வி வரும் நாய் 'விடு' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டால் விஷத்திலிருந்து பாதி தப்பிவிட்டது என்று பொருள். எலியைப் போட்டதும் பதிலுக்கு ஒரு துண்டு முட்டை கொடுத்தால் விரைவில் கற்றுக் கொள்ளும். அடித்துப் பழக்கினால் எலியைக் கவ்விக் கொண்டு ஓடி ஒளியும். கொன்ற எலிகளைக் கையால் தொடாமல் எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும்.

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். இது டிஸ்டெம்பர், பார்வோ போன்ற குட்டிகளைக் கொல்லும் நோய்களிலிருந்து காக்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். போட்ட தேதியைக் குறித்த அட்டையைப் பட்டா, ரேஷன் அட்டையோடு பத்திரமாக வைக்க வேண்டும். நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ நாயைப் பதிவு செய்வது பற்றியும் விசாரித்துச் செய்தல் நலம்.

வெறிநோய் வந்தபின் மருந்தில்லை. வருமுன் காப்பு மட்டுமே உண்டு. மனிதருக்கு முதல் தடுப்பூசியை 1885ல் பாரிசில் லூயி பாஸ்டர் போட்டார். அவர் பெயரில் குன்னூரில் 1907ல் தொடங்கிய நிலையம் தென்னாட்டு மக்களுக்கு நெடுங்காலம் மருந்து தந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004 இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகள் போதும்; அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, எண்ணெய் எதையும் வைத்துக் கட்டக் கூடாது. வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக் கொள்ள வேண்டும்.

எலிக் காய்ச்சல்

எலியின் சிறுநீரில் வெளிவரும் ஒருவகைக் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் நெடுநாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக உடலில் புகும். சேற்றில் இறங்கும் விவசாயிக்கும் எலி கடிக்கும் நாய்க்கும் இந்த நோய் பொதுவானது. நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண் வெள்ளையில் மஞ்சள், சிவந்த சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். நோய்ப்பட்ட நாயின் சிறுநீர் வழியாகவும் வீட்டாருக்குத் தொற்றும்.

எலி பிடிக்கும் நாய்க்கு எலிக் காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் வேண்டும். மழைக் காலத்துக்கு முன் புரட்டாசியில் போடுவது பொருத்தம். போடும் கூட்டு ஊசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். கொட்டகையைக் கழுவும்போது காலில் பூட்சு அணிவதும், நாயின் தட்டை வீட்டுப் பாத்திரத்தோடு சேர்க்காமல் இருப்பதும் நல்லது. வீட்டில் யாருக்காவது கடுங்காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலி நடமாட்டமுள்ள இடத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கண்டால் எளிதில் தீரும் நோய் இது.

உண்ணி, குடற்புழு, பாம்பு

நாள்தோறும் காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்து ஆகியவற்றைத் தடவி உண்ணி பார்க்க வேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சல் இரத்தத்தைக் குறைத்து நாயைக் கொல்லும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசக் கூடாது. குடற்புழு மருந்தைக் குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும்.

வளைகளில் எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இரண்டும் இங்கு உண்டு. டெரியர் பின்வாங்கத் தெரியாத நாய். முகமோ காலோ திடீரென வீங்கினால், கட்டுப் போட்டும் கீறியும் நேரத்தைப் போக்காமல், நாயை நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு போக வேண்டும். மனிதருக்குப் போடும் விஷ முறிவு ஊசியே நாய்க்கும் பயன்படும்.

இனப்பெருக்கம்

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக் காலம் 63 நாள். நாலு முதல் ஆறு குட்டி போடும். ஒன்றரை வயதுக்கு முன் இணை சேர்க்கக் கூடாது. குட்டி விற்றுப் பணம் பார்க்கலாம் என்று சிறு விவசாயி இதில் இறங்குவது நல்லதன்று. விற்காத குட்டிகள் தெருவுக்கு வரும். குட்டி வேண்டாதவர்கள் கருத்தடை அறுவை செய்துவிட்டால் கருப்பைச் சீழ் நோய் வராது. மடிக் கட்டியும் குறையும்.

முடிவு செய்யும் முன்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்கள் திறந்த வெளியில் துரத்தவோ காவல் காக்கவோ ஏற்ற உயரமான நாய்கள். வைக்கோற்போர் மூலையில் எலி தேட ஏற்றவை அல்ல. ஆனால் தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய்க்குட்டியை இரண்டு மாதத்தில் எடுத்து, மேலே சொன்ன முறையில் பழக்கினால் அதுவும் எலி பிடிக்கும். வெயிலையும் நன்றாகத் தாங்கும், விலையும் இல்லை. வேகத்தில் டெரியர் முந்தும். மற்றபடி இரண்டுக்கும் செய்ய வேண்டிய செலவு ஒன்றே.

எந்த நாயானாலும் வாங்கும் விலை ஒரு முறை. வளர்க்கும் செலவு பதினைந்து ஆண்டு. வெறிநோய் ஊசி, கூட்டு ஊசி, குடற்புழு மருந்து, தினம் ஒரு முட்டை, தினம் ஒரு மணி நேரம் ஆகிய ஐந்தையும் கணக்குப் போட்டுப் பார்த்து, முடியும் என்றால் வாங்கலாம். ஊசி, மருந்து பற்றிய ஐயங்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனையையும், வயல் எலி ஒழிப்புக்கு மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். குட்டியை வீட்டுக்குக் கொண்டு வரும் முன், கொட்டகை மூலையிலும் பரணிலும் முன்பு வைத்த எலி மருந்து மீதியிருக்கிறதா என்று தேடி எடுத்து அப்புறப்படுத்துவது முதல் வேலை.